பத்தியம் சொன்ன பெருமக்கள்

இந்த நாட்டில் இத்தனை உணவு நிபுணர்கள் சம்பளமே இல்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது, நீர்ப்பை நோய்க்கு வைத்தியம் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்காமலே வருகிறார்கள். ஃபீஸ் வாங்குவதில்லை. நோயின் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள், எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று அவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நோய் இன்னதென்று தெரியாமலே பத்தியம் சொல்லும் ஆற்றல் அகத்தியருக்குக்கூட இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை போர்த்தவில்லை என்பது நமக்குத்தான் தலைகுனிவு. என்னால் முடிந்தது இந்தக் கட்டுரை.

நோயின் பெயர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ். பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். நீர்ப்பை நிறைய நிறைய வலி ஏறும். கழித்தால் கொஞ்சம் இறங்கும். மறுபடி நிறையும், மறுபடி ஏறும். 400, 500 மில்லி வரை சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டிய பை, இதில் ஒரு டம்ளர் அளவுக்கே முறையிட ஆரம்பித்துவிடும். பகலில் 7, 8 தடவை போவது எல்லாருக்கும் உள்ளதுதான். இந்த நோயில் அது 20-ஐத் தாண்டிப் போவதுண்டு. தூக்கமும் நாலைந்து துண்டாகிவிடும். பார்ப்பதற்கு அப்படியே நீர்க்கடுப்பு. ஆனால் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்தால் கிருமி வளராது. 'நோ க்ரோத்' என்று அச்சடித்து வரும்.

கிருமி இல்லை என்று தாள் சொன்ன பிறகும் கிருமிக்கு மருந்து எழுதிய மருத்துவர்களைத்தான் முதலில் வணங்க வேண்டும். சாதாரண மனிதர்கள் தாளில் உள்ளதைப் படித்து நம்பிவிடுவார்கள். அவர்கள் அப்படி ஏமாறுகிறவர்கள் இல்லை. ஐந்து நாள் கோர்ஸ், பிறகு ஏழு நாள், பிறகு பெயர் மாற்றி இன்னொன்று என்று, இல்லாத எதிரியை விடாமல் துரத்தினார்கள். ஒவ்வொரு கோர்ஸ் முடியும்போதும் வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மாதவிலக்கை ஒட்டி ஏறுவது பலருக்கு வழக்கம். இறங்கியபோது புகழ் மாத்திரைக்குப் போனது. ஏறியபோது, "தண்ணி சரியா குடிக்கறதில்லையாம்மா?" என்ற கேள்வி எனக்கு வந்தது. இந்தப் பங்கீட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த பெருமக்கள் அனைவரும் இதையே கடைப்பிடித்தார்கள்.

இந்தப் பெருமை நம்மூர் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1915-இல் பால்டிமோர் நகரத்து மருத்துவர் கை ஹன்னர், சில பெண்களின் நீர்ப்பைச் சுவரில் கண்ட ஒரு வகைப் புண்ணைப் பற்றி எழுதினார். அந்தப் புண் இருப்பது நோயாளிகளில் சிறுபான்மையினருக்குத்தான். ஆனால் புண் தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் மனசு என்று வெகுகாலம் வசதியாக வைத்துக்கொண்டார்கள். "டென்ஷனைக் குறைங்க" என்பது மிக நல்ல மருந்து. அதைச் சொல்பவருக்கு எந்தப் பக்க விளைவும் கிடையாது. 1984-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்காக ஒரு சங்கம் தொடங்கிய விக்கி ராட்னர், இதே நோய் கண்டவர். மருத்துவத் துறையைச் சேர்ந்தவரும்கூட. டாக்டர்களின் பாஷை தெரிந்த ஒருவரே சங்கம் வைத்துத்தான் தன் வலியை நம்பவைக்க முடிந்தது என்றால், மற்ற டாக்டர்களின் கண்டிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்திருக்க வேண்டும்! 1987-இல் அந்த நாட்டு அரசின் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பதற்காகக் கறாரான ஒரு வரையறை வகுத்தது. ஆராய்ச்சிக்கு என்று தெளிவாகச் சொல்லியும், பல மருத்துவர்கள் அதையே நோய் பார்க்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, அதற்குள் வராதவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரையறை பிழைத்தது. அதுதானே முக்கியம்.

கடைசியில் என் நோய்க்குப் பெயர் வைத்த மருத்துவரிடம், "சாப்பாட்டுல என்ன பார்த்துக்கணும் டாக்டர்?" என்று கேட்டேன். "அசிடிக்கா இருக்கறதெல்லாம் விட்டுடுங்க" என்றார். ஓர் ஆயுள் முழுவதற்குமான உணவுக் கொள்கையை மூன்றே சொல்லில் அடக்கிய அந்தச் சுருக்கம் வள்ளுவருக்கே அமையாது. விரிவுரை வெளியே நர்ஸ் கையில், ஜெராக்ஸ் தாளாக இருந்தது.

அந்தத் தாளை எழுதியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். புளித்த முட்டைக்கோஸ் கூடாது. ரை என்ற தானிய மாவில் புளிக்கவைத்துச் சுடும் ரொட்டி கூடாது. நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், ஒயின் கூடாது. இவற்றையெல்லாம் நான் ஒரே மூச்சில் விட்டுவிட்டேன்; என் வாழ்க்கையில் இவ்வளவு எளிதாக எதையும் விட்டதில்லை. சாப்பிடலாம் என்ற பக்கத்தில் ப்ளூபெர்ரி இருந்தது. எங்கள் ஊர் உழவர் சந்தையில் ப்ளூபெர்ரி கேட்டேன்; கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை எடை போட்டார். பேரிக்காய்க்கு அனுமதி இருந்தது, கொடைக்கானலுக்கு நன்றி.

தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று: நான் சாப்பிடும் சாப்பாடு. புளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை என்று எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் எந்த ஒரு பொருளின் மேல் நிற்கிறதோ, டார்டாரிக் அமிலம் நிறைந்த அந்தப் பொருளை அவர்கள் அறியவே இல்லை. நெல்லிக்காய் இல்லை. மாங்காய் இல்லை. மூன்றாம் நாள் தோசை மாவு இல்லை. மோர்மிளகாய் இல்லை. இன்னொருவர் சமையலறைக்குள் தலையிடக் கூடாது என்ற நாகரிகம் அந்தத் தாளில் அப்படி ஊறிக் கிடந்தது. அதைக் கடல் கடந்து கொண்டுவந்து, ஒரு வரிகூட மாற்றாமல் ஆயிரக்கணக்கில் நகலெடுத்துக் கொடுத்தவர்களின் அடக்கமும் சாமானியமானதல்ல.

அதே மாடியில் இன்னொரு அறையிலிருந்த இளம் மருத்துவர், கூடவே கிரான்பெர்ரிப் பொடிப் பாக்கெட்டும் வைட்டமின் சி மாத்திரையும் எழுதினார். கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கிரான்பெர்ரி உதவக்கூடும். இந்த நோய்க்காரர்களுக்கோ, தவிர்க்க வேண்டியவற்றின் மேல்வரிசையில் இருப்பவை அந்தக் கிரான்பெர்ரியும் வைட்டமின் சி-யும்தான். வலது கையில் வாங்கச் சொன்ன சீட்டு, இடது கையில் கூடாது என்ற தாள். இரண்டு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை நோயாளியிடமே விட்டுக்கொடுத்த அந்த ஆஸ்பத்திரியின் ஜனநாயகத்தை வேறெங்கும் கண்டதில்லை.

நான் பள்ளி ஆசிரியை. ஸ்டாஃப் ரூமில் அறிவுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வேதியியல் ஆசிரியர் விஷயத்தை ஒரே நிமிடத்தில் தீர்த்துவிட்டார். "புளிப்புன்னா ஆசிட், டீச்சர். ஆசிட்னா எரிச்சல். இதுல என்ன குழப்பம்? லிட்மஸ் பேப்பர் தரட்டுமா?" எலுமிச்சையில் உள்ள சிட்ரேட், உடம்புக்குள் போய் மாறியபின், சிறுநீரைக் காரப் பக்கமாகத்தான் தள்ளும் என்பதும், சிறுநீரகக் கல்லுக்கு எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும், அப்படியிருந்தும் இந்த நோய்க்காரர்களில் பலருக்கு எலுமிச்சை எரிகிறது என்பதும் அவருடைய தெளிவைக் கெடுக்கவில்லை. 2007-இல் அமெரிக்காவில் பார்பரா ஷார்ட்டர் குழுவினர் நோயாளிகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஓர் உணவோ பானமோ வலியைக் கூட்டுவதாக எழுதினார்கள். காபி, டீ, சோடா வகைகள், மது, தக்காளி, எலுமிச்சை இனப் பழங்கள், மிளகாய், செயற்கை இனிப்பு ஆகியவை மேலே வந்தன. இதில் மிளகாய்க்கு லிட்மஸ் தாளில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஒருவருக்குத் தீயாய் எரிவது இன்னொருவருக்கு ஒன்றுமே செய்வதில்லை என்பதையும் சொல்லவில்லை. தெளிவாக இருப்பவரை எதற்குக் கலைக்க வேண்டும்?

பக்கத்து மேசை வரலாற்று ஆசிரியர் இன்னும் ஆழமானவர். "நம்ம பாரம்பரியச் சாப்பாட்டை விட்டதுதான் காரணம். தாத்தா பாட்டி சாப்பிட்டதைச் சாப்பிடுங்க, நீர்ப்பையாவது ஒண்ணாவது." பாரம்பரியம் என்று அவர் டப்பாவைத் திறந்தார், தக்காளிக் குழம்பு, மிளகாய் தாளித்து மணத்தது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், போர்ச்சுக்கீசியர் கப்பலேறி வந்த காலத்துக்குப் பிறகுதான் நம் அடுப்படியைக் கண்டன. அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். இவற்றின் உறவுக்காரனான உருளைக்கிழங்கு மட்டும் என் தாளில் அனுமதி பெற்றிருந்தது. இதையும் நான் சொல்லவில்லை. வரலாறு அவருடைய பாடம்.

உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. அத்தைக்கு ஃபோனிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. "சூடும்மா, வேறொண்ணுமில்ல. ராத்திரி படுக்கறப்ப கால் கட்டைவிரல் நகத்துல சுண்ணாம்பு வச்சுக்க. பகல்ல நன்னாரி சர்பத்துல ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி." சித்தி வாழைத்தண்டுச் சாறு சொன்னார். மாடிவீட்டு அக்கா நெருஞ்சிமுள் கஷாயம் சொன்னார். இளநீர் எல்லாரும் சொன்னார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நீர்ப்பையின் உட்புறத்தில் உள்ள மெல்லிய காப்புப் பூச்சு தேய்ந்த இடத்தில், சிறுநீரில் இருக்கும் பொட்டாசியம் உள்ளே கசிந்து நரம்பைச் சீண்டுகிறது என்பது இந்த நோயைப் பற்றிய முக்கியமான கருத்துகளில் ஒன்று. பொட்டாசியம் கரைசலை நீர்ப்பைக்குள் செலுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டு நோயைத் தீர்மானிக்கும் சோதனைகூட ஒரு காலத்தில் இருந்தது. இளநீர் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் இயற்கை என்று சொன்னபின் பொட்டாசியமும் வாலை ஆட்டாமல் இருக்கும் என்பது சித்தியின் நம்பிக்கை. நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சி, என்ன நோய் என்றே கேட்காமல், "மருந்து திங்கறப்ப கத்தரிக்கா, கருவாடு ஆவாது" என்றார். அந்த ஒரு தடையில்தான் எல்லாக் கட்சியும் ஒற்றுமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் பத்தியத்தையும் கூட்டிப் பார்த்தேன். தாள் விலக்கியது போக, ஸ்டாஃப் ரூம் விலக்கியது போக, சூடு என்று விலக்கியது, குளிர்ச்சி என்று விலக்கியது, வாயு என்று விலக்கியது எல்லாம் போக மிச்சம் நின்றது உப்புக் குறைத்த அரிசிக் கஞ்சி. அதையும் "நாப்பது வயசுக்கு மேல அரிசியா?" என்று என் நாத்தனார் கருணையோடு நீக்கிவிட்டார். தண்ணீர் மிஞ்சியது. தண்ணீரைக் குறைத்தால் அடிக்கடி போக வேண்டியிருக்காதே என்று தலைமையாசிரியை யோசனை சொன்னார். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரியும். ஒரேயடியாகக் குடித்தால் பை திடுதிப்பென்று நிறைந்து வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்தால் இரண்டு பீரியடுக்கு ஒரு தடவையாவது வகுப்பைவிட்டு வெளியே போக வேண்டும். ஆயிரம் பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறைகளைக் கைவிரலால் எண்ணிவிடலாம் என்னும் நிலையில், தலைமையாசிரியையின் யோசனை எவ்வளவு நிர்வாகத் திறமை மிக்கது என்பது விளங்கும்.

கல்யாணப் பந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தின் மருத்துவக் கழகம் கூடுவது அங்கேதான். இலை போட்டார்கள். ஊறுகாயைத் தொடவில்லை. சாம்பாருக்குக் கையை நீட்டி மறைத்தேன். வத்தக்குழம்பு, ரசம், தக்காளிப் பச்சடி ஒவ்வொன்றும் என்னைத் தாண்டிப் போயின. நெய்யும் பருப்பும் சாதமும் அப்பளமுமாக நான் உட்கார்ந்திருந்தது பரிமாறுபவருக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, சமையல் புடிக்கலயா?"

பக்கத்து இலைக்காரம்மா திரும்பினார். "சுகரா?"

"இல்லீங்க."

"அல்சரா?"

நீர்ப்பை என்ற சொல்லைப் பந்தியில் எடுப்பது முடியாது. இருமல், மூட்டுவலி, இதயத்தில் வைத்த ஸ்டென்ட் ஆகியவற்றுக்குப் பந்தியில் இடமுண்டு. இடுப்புக்குக் கீழே உள்ள உறுப்புகளுக்கு இல்லை. பெண்ணின் உறுப்பாக இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். "ஆமாங்க, அல்சர்" என்றேன். அவ்வளவுதான். அவர் மணத்தக்காளிக் கீரை சொன்னார். எதிர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் அதை மறுத்து அதிமதுரம் சொன்னார். பாயசம் ஊற்ற வந்த பையன் தன் மாமாவுக்கு அகத்திக்கீரையில் குணமானதைச் சொன்னான். எனக்கு இல்லாத நோய்க்கு மூன்று மருந்துகள், நான் கை கழுவப் போவதற்குள். இருக்கும் நோய்க்கு 1915 முதல் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் என் கணவர் பரந்த மனம் உள்ளவர். "நீதானே சமைக்கறே? உனக்கு என்ன வேணுமோ அதைச் செஞ்சுக்கயேன், யாரு தடுத்தா?" என்றார். இவ்வளவு சுதந்திரத்தை எந்த மனைவிக்கு யார் கொடுத்திருக்கிறார்கள்? அந்தச் சுதந்திரத்தைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து அனுபவித்தேன். ஓர் அடுப்பில் அவர்களுக்குப் புளிக்குழம்பு, ஓர் அடுப்பில் எனக்குப் பாசிப்பருப்பும் சுரைக்காயும். எனக்குத் துணையாக அவரும் ஒரு நாள் காபியை விட்டார். மறுநாள் அவருக்குத் தலைவலி. தியாகத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்று நானே டிகாஷன் போட்டுக் கொடுத்தேன். அந்த மணத்தைத் தாண்டி நான் குடித்தது பார்லித் தண்ணீர். "சுக்குக் காபி குடி, அதுல காபியே இல்லயே" என்று மாமியார் இரங்கினார். உண்மைதான், காபி இல்லை. சுக்கும் மிளகும் இருந்தன. ஒரு மணி நேரத்தில் அவை தங்கள் பெயரைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டன.

மருந்துகளும் இந்தப் பெருமக்களின் கூட்டணியில் சேர்ந்தவையே. ராத்திரி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்று தொடங்கினார்கள். வலியைக் கடத்தும் நரம்பை அது கொஞ்சம் அமைதிப்படுத்தும், தூக்கமும் வரும், நல்ல மருந்துதான். வாயை வறளச் செய்யும், ஆகவே தண்ணீர் கேட்கும். மலத்தைக் கட்டும், கட்டிய குடல் பக்கத்திலிருக்கும் நீர்ப்பையை அழுத்தும். மலச்சிக்கலுக்குப் பழம் சாப்பிடுங்கள் என்றார்கள். கொய்யாவில் வைட்டமின் சி, ஆரஞ்சு புளிப்பு, அன்னாசி கூடவே கூடாது என்று தாள் சொன்னது. மறுபடியும் கொடைக்கானல் பேரிக்காயிடம் போய் நின்றேன்.

பென்டோசன் என்ற கேப்ஸ்யூல் இன்னொன்று. நீர்ப்பையின் தேய்ந்த பூச்சைச் சரிசெய்யும் என்ற எதிர்பார்ப்பில், 1996-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. 100 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் பின்னால், வெறும் வயிற்றில். நான்கு பீரியடுக்கு ஒரு இடைவேளையும், இடைவேளைக்கு ஒரு மணியும் உள்ள ஒருத்திக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். நீண்ட காலம் எடுத்தவர்கள் சிலரின் விழித்திரையில் ஒரு வகைப் பாதிப்பு 2018-இல் பதிவானது. 2020-இல் அமெரிக்காவில் மருந்துப் பெட்டித் தாளில் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். தொடங்கும்போதே கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இதைச் சொல்லி என்னைக் கலவரப்படுத்தாத மருத்துவரின் மென்மையான மனதுக்கு நான் கடன்பட்டவள். தக்காளியைப் பற்றி எச்சரித்த வேகத்தில் கண்ணைப் பற்றியும் சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன் அல்லவா?

வார்டில் பழக்கமான ஓர் அம்மாவுக்கு டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு மருந்தைக் குழாய் வழியே நீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். 1978-லிருந்தே இந்த நோய்க்கு அனுமதி பெற்ற பழைய முறை. அந்த மருந்து போனால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு நாள், இரண்டு நாள் பூண்டு வாடை அடிக்கும். பத்தியம் என்று பூண்டை விட்டு மாதக்கணக்காகியிருந்த அந்த அம்மாவை, "யாருக்கும் தெரியாம பூண்டு தின்னிருக்கே" என்று மருமகள் பிடித்துவிட்டாளாம். துப்பறியும் மூளை சில வீடுகளில் வீணாகப் போகிறது.

இந்த வரிசையில் இடம்பெறத் தகுதியே இல்லாத ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். டயட்டீஷியன் என்று ஓர் இளம் பெண். எதையும் தடை செய்யத் தெரியவில்லை அவருக்கு. "நேத்து காலையிலிருந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று தொடங்கினார். ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் வீணடித்தார். தாளை வாங்கி மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார். பெரும்பாலானவர்களைத் தொந்தரவு செய்யும் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் மூன்று வாரம் விடுங்கள், அதற்குமேல் விடாதீர்கள், வலி தணிந்தபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், ஒன்றைச் சேர்த்தால் மூன்று நாள் பொறுங்கள், முதலில் கொஞ்சம், மறுநாள் அதைவிடக் கூட, எரிந்தால் எழுதுங்கள், எரியாவிட்டாலும் எழுதுங்கள், புது மருந்து தொடங்கும் வாரத்தில் புதுச் சாப்பாட்டுச் சோதனை வேண்டாம், எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும், மாதவிலக்கு நாளையும் நோட்டில் குறித்துவையுங்கள். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

எத்தனை பலவீனமான அறிவுரை! இத்தனை பேரும் எடுக்கச் சொன்னார்கள். ஒருவர்கூடத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை. எடுப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. சொன்னவர் கை கழுவிவிட்டுப் போகலாம். எடுத்தவள் காலம் முழுவதும் எடுத்துக்கொண்டே இருப்பாள். எடை குறையும், இரும்புச் சத்து குறையும், அது வேறு டாக்டரின் விஷயம். திரும்ப வைப்பது என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும், மறுபடி வந்தவளை மறுபடி கேட்க வேண்டும், நாம் விலக்கியதில் பாதி குற்றமற்றது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கும். பெருமக்கள் செய்கிற காரியமா அது?

நான் அந்தப் பெண் சொன்னதைத்தான் செய்தேன். கேப்ஸ்யூலும் நான்காவது மாதத்தில் ஏதோ வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நோட்டின்படி என் நீர்ப்பைக்கு ஆகாதவை காபி, எலுமிச்சை, தக்காளி, பச்சைமிளகாய். தயிர் முதல் நாள் தோய்த்ததாக இருந்தால் சரி. வெங்காயம் நிரபராதி. எல்லாரும் குறிவைத்த புளி, கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினால், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இது என் பை. இன்னொருத்தியின் பை என்ன சொல்லும் என்று அவள் நோட்டுக்குத்தான் தெரியும்.

வலி குறைந்த செய்தி பரவியதும் பெருமக்கள் அனைவரும் வந்து தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டார்கள். வேதியியல் ஆசிரியர், "சொன்னேன்ல டீச்சர், ஆசிட்!" என்றார். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டாமலே, "டயட்ல கரெக்டா இருந்திருக்கீங்க, குட்" என்று திருப்பித் தந்தார். நடுவில் ஒரு வாரம் காரணமில்லாமல் வலி ஏறி இறங்கியது. அந்த வாரம் மட்டும் யாரும் பங்கு கேட்டு வரவில்லை. "வாயைக் கட்டியிருக்க மாட்டே" என்று அதை எனக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

அத்தை ஃபோன் செய்தார். "சுண்ணாம்பு வச்சியா?"

"ஒரு நாள் வச்சேன் அத்தை."

"அதான். ஒரு நாள் வச்சதுக்கே பாரு. புளியத் தொடலல்ல?"

"இப்ப சேர்த்துக்கறேன் அத்தை. ஒண்ணும் பண்ணல."

"சுண்ணாம்பு வச்சதனால பண்ணல" என்றார். தெருவில் எல்லாரிடமும் என் கதையைச் சொல்லிவிட்டாராம். மூன்று பேர் இப்போது நகத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு, புளியையும் அடியோடு விட்டுவிட்டார்களாம். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி.